பொறியாளர் சங்கத் தேர்தலில் ஊருக்கு என்ன வேலை?

செப்டம்பர் 15 திண்டுக்கல்காரர்களுக்கு மூன்று வகையில் விசேஷமான நாள். அண்ணா பிறந்த நாள் அது. 1985-இல் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானதும் அந்த நாளில்தான். விஸ்வேஸ்வரய்யாவின் பிறந்த நாள் என்பதால் 1968 முதல் நாடெங்கும் பொறியாளர் தினமாகக் கொண்டாடப்படுவதும் அதே நாள். முதல் இரண்டைக் கட்சிகளும் அரசு அலுவலகங்களும் பார்த்துக்கொள்கின்றன. மூன்றாவது, பொறியியல் கல்லூரிகளுக்கும் பொறியாளர் சங்கங்களுக்கும் உரியது. விஸ்வேஸ்வரய்யா படத்துக்கு மாலை, மூத்த பொறியாளர்களுக்குப் பொன்னாடை, பெரும்பாலும் ஏதாவது சிமென்ட் கம்பெனியின் தயவில் ஒரு விருந்து. எந்த ஊரிலும் இந்தச் சங்கங்களைப் பற்றி மக்களுக்குத் தெரியவரும் இன்னொரு சந்தர்ப்பம், நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வரும் நான்கு வரிச் செய்தி: தலைவர் இன்னார், செயலாளர் இன்னார், பொருளாளர் இன்னார், அனைவரும் ஒருமனதாகத் தேர்வு. பஞ்சாயத்துத் தேர்தல் பாஷையில் சொன்னால், அன்னபோஸ்ட்.

இந்த ஒருமனம் பெருமைக்குரிய விஷயமாகச் சொல்லப்படுகிறது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, அதனால் நஷ்டப்படுவது ஊர்தான் என்பது என் வாதம். ஒரு தொழில்முறைப் பொறியாளர் சங்கத்தின் தலைமைப் பதவிக்குப் போட்டி இருக்க வேண்டும். நிற்பவர், பதவிக்கு வந்தால் மக்களின் பாதுகாப்புக்காக என்ன செய்யப்போகிறார் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். அந்தத் தேர்தலை உறுப்பினர்கள் மட்டுமல்லாமல் ஊரும் கவனிக்க வேண்டும். ‘அது அவர்கள் வீட்டு விவகாரம், நமக்கென்ன?’ என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம்.

வழக்கறிஞர் ஒருவர் தொழிலில் தவறு செய்தால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அதற்கு 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் இருக்கிறது. ஆடிட்டர்களுக்கு 1949-ஆம் ஆண்டின் சட்டம், ஆர்க்கிடெக்டுகளுக்கு 1972-ஆம் ஆண்டின் சட்டம், மருத்துவர்களுக்கு 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம். பொறியாளர்களுக்கு நாடு தழுவிய அப்படியொரு பதிவுச் சட்டம் இல்லாமலே சுதந்திர இந்தியா முக்கால் நூற்றாண்டைக் கடத்திவிட்டது. தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ, தொழில்முறைப் பொறியாளர்களுக்கான வரைவு மசோதாவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்ததே 2025-இல்தான். தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர் என்று வகை பிரித்துப் பதிவு செய்யச் சொல்கின்றன. 2014 ஜூன் 28-இல் மவுலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்ட பிறகு வந்த விதிகள் அவை. ஆனால் அந்தப் பதிவேடு அதிகாரிகள் கையில் இருப்பது. சக பொறியாளரின் வேலையைச் சக பொறியாளர்களே எடைபோட்டு, ‘இது தப்பு, இப்படிக் கட்டாதே’ என்று பகிரங்கமாகச் சொல்லும் இடம் சட்டப்படி எங்கும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் சங்கங்கள் இருக்கின்றன. 1920 செப்டம்பர் 13-இல் சென்னையில் பதிவாகி, 1935-இல் அரச சாசனம் பெற்று, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பொறியாளர் நிறுவனம் முதல், மாவட்டந்தோறும் இயங்கும் கட்டடப் பொறியாளர் சங்கங்கள் வரை எல்லாமே தன்னார்வ அமைப்புகள்தான். அவற்றின் தலைவர் வாய் திறந்தால் பொறியியல் துறை பேசியதாக அர்த்தம். அவர் பேசாவிட்டால், துறைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று ஊர் எடுத்துக்கொள்ளும்.

அந்தப் பதவியில் யார் உட்கார்ந்தாலும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் ஒரு பழைய கதையைக் கேட்க வேண்டும். 1905-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் என்ற ஊரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே கொதிகலன் வெடிப்பது புதிதல்ல. எந்தத் தகட்டை எவ்வளவு தடிமனில் போடுவது, எப்படிச் சோதிப்பது என்பதற்குப் பொது விதி கிடையாது. மாசசூசெட்ஸ் தனக்கென்று விதி வகுத்தது. மற்ற மாநிலங்கள் ஆளுக்கொரு விதி வைத்திருந்தன, அல்லது எதுவும் வைத்திருக்கவில்லை. 1911-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக இருந்த இ.டி. மேயர் என்பவர், நாட்டுக்கே பொதுவான கொதிகலன் விதிகளை எழுத ஒரு குழுவை அமைத்தார். பல ஆண்டுகள் நீடிக்கும் பதவியல்ல அது. ஆனால் அந்தக் குழு எழுதி 1914-இல் ஏற்கப்பட்ட விதித்தொகுப்பு, திருத்தங்களுடன் இன்றும் உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. அரசாங்கம் செய்யாததை ஒரு சங்கம் செய்தது. சங்கம் அதைச் செய்ததற்குக் காரணம், தலைவர் பதவியை விழாவுக்கான பதவியாக நினைக்காத ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தது. மேயரே கொதிகலன் தயாரிக்கும் நிறுவனம் நடத்தியவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். அமராவதியில் போய்ச் சேரும் குடகனாற்றின் குறுக்கே வேடசந்தூர் வட்டம் அழகாபுரியில் கட்டப்பட்ட மண் அணை, 1977 வெள்ளத்தில் உடைந்தது. நாட்டின் அணை உடைப்புகளைப் பற்றிய தொழில்நுட்ப எழுத்துகளில் இன்றும் இடம்பெறும் சம்பவம் அது. வெள்ளம் ஏறியபோது ஊழியர்கள் ஷட்டர்களை உயர்த்தத் தொடங்கினார்கள். மின்சாரம் போனது. ஷட்டர்கள் பாதியில் நின்றன. ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள், கையாலும் சுற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் கரையின் மேலேறி, பின்சரிவில் வழிந்து, மண்ணை அரித்து, பல இடங்களில் கரையைத் தகர்த்துவிட்டது. அணை பிறகு சீரமைக்கப்பட்டது. ஆனால் அந்தச் சம்பவம் விட்டுச்சென்ற பாடம் அணைக்கு மட்டும் உரியதல்ல. ஆபத்து நேரத்தில் உயிரைக் காக்க வேண்டிய எந்த ஏற்பாடும் மின்சாரத்தை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்பதே அது.

2024 டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல் திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது. இறந்தவர்கள் ஆறு பேருக்குக் குறையாது. அவர்களில் குழந்தையும் உண்டு. லிஃப்ட்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களைத்தான் மீட்புப் படையினர் வெளியே தூக்கி வந்தார்கள். அந்தத் தீ விபத்துக்கு யார் பொறுப்பு என்பதை விசாரணையும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளும். இந்தக் கட்டுரைக்கு அதில் வேலையில்லை. ஆனால் திருச்சி சாலையிலோ பழனி சாலையிலோ நடந்துபோகும் எவரும் பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. முன்பு வீடாகவோ கடையாகவோ இருந்த மனையில் மூன்று, நான்கு மாடி எழும்புகிறது. மேலே போக ஒரே படிக்கட்டு, அதை ஒட்டியே லிஃப்ட். அந்தப் படிக்கட்டுக்கு அடியில், இடம் வீணாகக் கூடாது என்று, மின்சாரப் பேனல் போர்டு. சில இடங்களில் அதன் பக்கத்திலேயே அட்டைப்பெட்டிகள், பழைய நாற்காலிகள், ஜெனரேட்டருக்கான டீசல் கேன். தீப்பிடிக்க அதிக வாய்ப்புள்ள இடமும் ஆட்கள் தப்பித்து வரவேண்டிய ஒரே வழியும் ஒரே இடத்தில். பேனலில் புகை கிளம்பினால் படிக்கட்டும் லிஃப்ட் கிணறும் புகைபோக்கியாக மாறிவிடும். மின்சாரம் துண்டித்தால் லிஃப்ட் நடுவில் நின்றுவிடும். லிஃப்ட்டை வெளியேறும் வழியாகக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. அதன் நான்காம் பகுதி முழுவதும் தீப் பாதுகாப்பைப் பற்றியதுதான். குடகனாற்று ஷட்டரும் படிக்கட்டுக்கடிப் பேனலும் சொல்வது ஒரே சேதி என்பது பொறியாளருக்குப் புரியும். கட்டட உரிமையாளருக்குப் புரியாது. புரியவைக்க யார் இருக்கிறார்கள்?

ஒரு தேர்தல் பயன்படும் இடம் இதுதான். சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கும் ஒருவர், ‘நான் வந்தால் ஆறு மாதத்துக்குள் நகரில் மூன்று மாடிக்கு மேற்பட்ட மருத்துவமனைகள், லாட்ஜுகள், கல்யாண மண்டபங்கள் ஆகியவற்றின் உரிமையாளர்களுக்கு, அவர்கள் சம்மதித்தால், பேனல் போர்டையும் படிக்கட்டையும் இலவசமாகப் பார்த்து எழுத்தில் குறிப்புக் கொடுப்போம், எத்தனை பேர் சம்மதித்தார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்று பெயர் சொல்லாமல் எண்ணிக்கையை வெளியிடுவோம்’ என்று எழுதிக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். எதிரில் நிற்பவர் வேறொன்று சொல்லட்டும். மாநகராட்சி தோண்டிப் போடும் குழிகளைச் சுற்றித் தடுப்பு வைக்கும் தரத்தைப் பற்றிச் சொல்லலாம். தோல் பதனிடும் ஊர் இது. கழிவுநீர் நிலத்தடி நீரில் கலந்திருப்பதைப் பற்றிப் புதிதாகச் சோதிப்போம் என்று சொல்லலாம். எது முக்கியம் என்று உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும். யார் ஜெயித்தாலும் ஊருக்கு ஒரு வாக்குறுதி கைக்கு வந்துவிடும், ஆண்டு முடிவில் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்க ஒரு காகிதமும் இருக்கும். அன்னபோஸ்டில் வந்தவர் யாருக்கும் எதையும் சொல்லாமலே வந்துவிடுகிறார். அவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

இதற்கு எதிராக நான்கு பேர் கூடும் இடத்தில் முதலில் வரும் பதில், ‘போட்டி வந்தால் கோஷ்டி வரும், சாதி வரும், கட்சி வரும், பணம் வரும்; மற்ற சங்கத் தேர்தல்களின் லட்சணத்தைப் பார்க்கவில்லையா?’ என்பது. இந்தப் பயம் பொய்யல்ல. நட்சத்திர ஓட்டலில் விருந்து வைத்து ஓட்டுக் கேட்கும் தொழில்முறைச் சங்கங்கள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. ஆனால் ஒருமனத் தேர்வில் இவையெல்லாம் இல்லை என்று யார் சொன்னது? முன்னாள் தலைவர்கள் நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து, போன தடவை அந்த ஆட்கள், இந்தத் தடவை நம் ஆட்கள் என்று முறை வைத்து முடிப்பதற்குப் பெயர்தான் பெரும்பாலும் ஒருமனம். சாதியும் கோஷ்டியும் அந்த அறைக்குள் இருக்கின்றன, வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். பொதுச் செயலாளர் துணைத் தலைவராகி, துணைத் தலைவர் தலைவராகும் சீனியாரிட்டி ஏணியும் இப்படித்தான். அதில் ஏறுபவருக்குத் தேவைப்படுவது பொறுமை மட்டுமே.

மூடிய அறை எதில் கொண்டுபோய் விடும் என்பதற்கும் அதே கொதிகலன் சங்கமே சாட்சி. மேயர் தொடங்கிவைத்த விதித்தொகுப்புக்கு விளக்கம் சொல்ல அந்தச் சங்கத்தில் துணைக்குழுக்கள் உண்டு. 1971-இல் ஒரு துணைக்குழுவில், ஒரு பெரிய கம்பெனியின் அதிகாரி உறுப்பினர். குழுத் தலைவருக்கும் அந்தக் கம்பெனியுடன் நெருக்கம். கொதிகலனில் தண்ணீர் குறைந்தால் எரிபொருளை நிறுத்தும் கருவி ஒன்றைப் புதிதாக விற்கத் தொடங்கிய சிறு போட்டி நிறுவனம் ஒன்று இருந்தது. அந்தக் கருவி விதிக்குப் பொருந்தாது என்று அர்த்தம் வரும்படி சங்கத்தின் பெயரால் ஒரு கடிதம் போனது. பெரிய கம்பெனியின் விற்பனையாளர்கள் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-இல் சங்கமே பொறுப்பு என்று தீர்ப்பானது. ஹைட்ரோலெவல் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். மேயரைப் போலத் தொழில் நடத்துபவர் பதவிக்கு வருவதில் குற்றமில்லை. அவர் என்ன தொழில் நடத்துகிறார் என்பது ஓட்டுப் போடுபவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். திண்டுக்கல் அளவில் இதன் அர்த்தம் எளிது: மாநகராட்சியில் ஒப்பந்தப் பணி எடுக்கிறவரா, கம்பி, சிமென்ட் டீலர்ஷிப் வைத்திருப்பவரா, ரியல் எஸ்டேட் மனைப்பிரிவில் பங்கு உள்ளவரா என்று வேட்புமனுவோடு ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது. போட்டித் தேர்தலில் எதிராளி இதைக் கேட்காமல் விடமாட்டார். அன்னபோஸ்டில் கேட்க ஆள் இல்லை.

அடுத்த ஆட்சேபம் இதைவிடக் கனமானது. சங்கப் பதவிக்குச் சம்பளம் கிடையாது. சைட்டையும் வாடிக்கையாளரையும் விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வரவேண்டும், கைக்காசு செலவழிக்க வேண்டும். கெஞ்சிக் கூப்பிட்டாலே ஆள் வராத பதவிக்குப் போட்டி வேறா? பெரிய மனிதர் யாராவது ஒத்துக்கொண்டால் அதுவே பாக்கியம் இல்லையா? இந்த வாதத்துக்கு வரலாற்றில் ஆதரவும் உண்டு. 1818-இல் லண்டன் காபிக் கடை ஒன்றில் இளம் பொறியாளர்கள் சிலர் கூடித்தான் சிவில் பொறியாளர்களுக்கான உலகின் முதல் தொழில்முறைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகள் அது தள்ளாடியது. 1820-இல் தாமஸ் டெல்ஃபோர்டு என்ற புகழ்பெற்ற பாலப் பொறியாளரைத் தலைவராக வரச் சொல்லிக் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் நிமிர்ந்தது. 1834-இல் இறக்கும்வரை அவரே தலைவர். அப்படியானால் பெரிய மனிதரைக் கூப்பிட்டு உட்கார வைப்பதுதானே சரி? ஓரளவு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் டெல்ஃபோர்டு பொன்னாடை வாங்க வரவில்லை. தன் நூல்களையும் வரைபடங்களையும் சங்க நூலகத்துக்குக் கொடுத்தார். உறுப்பினர்கள் தாங்கள் கட்டியதைப் பற்றிப் பேச வேண்டும், பேசியதை எழுதி வைக்க வேண்டும் என்ற பழக்கத்தை ஏற்படுத்தினார். நம் சங்கங்களில் எத்தனை கூட்டங்களில் ‘நான் போட்ட இந்த ஸ்லாப்பில் இந்த விரிசல் வந்தது, காரணம் இது’ என்று ஒருவர் எழுந்து சொல்ல முடிகிறது? வேலை என்ன என்று தெரிந்தால் அதற்கான ஆள் வருவார். வேலையே இல்லாத பதவிக்குத்தான் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

யார் வருவார் என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். முத்தனம்பட்டியில் பி.எஸ்.என்.ஏ. பொறியியல் கல்லூரி தொடங்கியது 1984-இல். அதன் பிறகு பழனி சாலையிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்லூரிகள் பெருகின. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியும் வந்தது. வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகளில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் மின், இயந்திரப் பொறியாளர்கள், நெடுஞ்சாலைத் துறையிலும் குடிநீர் வாரியத்திலும் உள்ள உதவிப் பொறியாளர்கள், பாலிடெக்னிக் முடித்துவிட்டு சைட்டில் நிற்பவர்கள் என்று இந்தச் சமவெளியில் பொறியியல் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. முன்பு இவர்களில் டிப்ளமோக்காரர்களுக்கு ஏ.எம்.ஐ.இ. என்ற வாசல் இருந்தது. பகலில் வேலை, இரவில் படிப்பு என்று பரீட்சை எழுதி, இந்தியப் பொறியாளர் நிறுவனத்தின் வழியே பட்டத்துக்கு இணையான தகுதி பெற்ற வரைவாளர்களும் மேற்பார்வையாளர்களும் தென் மாவட்டங்களில் ஏராளம். 2013 மே 31 வரை சேர்ந்தவர்களோடு அந்த இணைத்தகுதி முடிந்துபோனது. ஒரு தலைமுறைக்கு ஏணியாக இருந்த ஏற்பாடு அது. அது எடுபட்டதைப் பற்றிச் சிறு நகரங்களின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்டது என்று பழைய ஆட்களிடம் கேட்டால் தெரியும். தீர்மானம் எடுக்கும் மேசையில் திண்டுக்கல்லோ தேனியோ உட்கார்ந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று சொல்ல முடியாது, பேச்சாவது மாறியிருக்கும். பெண்கள் விஷயமும் இதே. தமிழ்நாட்டைச் சேர்ந்த அ. லலிதா கிண்டியில் மின்பொறியியல் முடித்து இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானது 1943-இல். இன்று எந்தப் பொறியியல் வகுப்பறையை எட்டிப் பார்த்தாலும் பெண்கள் இருக்கிறார்கள். சங்கப் பதவியேற்பு விழாப் படங்களை எட்டிப் பார்த்தால் முன்வரிசையில் அவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. முறை வைத்துப் பதவி போகும் இடத்தில், வரிசையிலேயே இல்லாதவருக்கு முறை எப்போது வரும்?

மூன்றாவது ஆட்சேபத்தை யாரும் மேடையில் சொல்வதில்லை, டீக்கடையில் சொல்வார்கள். ‘நாளைக்கு பிளான் அப்ரூவலுக்கு அதே ஆபீஸில்தான் நிற்கணும். தலைவர் ஆகி மாநகராட்சியைப் பற்றிப் பேசினால் என் ஃபைல் நகருமா?’ சங்கங்கள் பேசாமல் இருப்பதற்கு உண்மையான காரணம் இதுதான் என்று தோன்றுகிறது. இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை, பிழைப்பு சம்பந்தப்பட்டது. தனியாகப் பேசிய பொறியாளருக்கு இந்த நாட்டில் என்ன ஆகும் என்பதை 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்ட சத்யேந்திர துபே காட்டிவிட்டுப் போனார். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியவர் அவர். ஆகவே பயத்துக்கு மருந்து தனிமனித வீரமல்ல. சான்பிரான்சிஸ்கோவில் பார்ட் என்ற நகர ரயிலின் தானியங்கிக் கட்டுப்பாட்டில் கோளாறு இருக்கிறது என்று எச்சரித்த மூன்று பொறியாளர்கள் 1972 மார்ச்சில் வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், பயணிகள் சேவை தொடங்கிய சில வாரங்களிலேயே, ஒரு ரயில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தண்டவாளத்தின் முடிவைத் தாண்டி ஓடியது. அவர்கள் தொடுத்த வழக்கில் 1975-இல் ஐஇஇஇ என்ற மின், மின்னணுப் பொறியாளர் சங்கம் தானாக முன்வந்து நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தது. பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிறுத்துவது பொறியாளரின் கடமை, அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்பதே வாதம். பிறகு 1978-இல் அந்த மூவருக்கும் விருதும் கொடுத்தது. தனி ஆள் பேசினால் அவர் ஃபைல் நிற்கும். இருநூறு பேர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவர், அவர்கள் ஏற்றுக்கொண்ட வாக்குறுதியின்படி பேசினால், நிறுத்த வேண்டிய ஃபைல்கள் இருநூறு. போட்டியில் வென்ற தலைவருக்கு இருக்கும் இந்தப் பலம் ஒருமனதாக வந்தவருக்கு இருப்பதில்லை. அவரை எந்தக் கொள்கைக்காகவும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

தவிர, அந்த ஆபீஸ் பயத்தின் அளவே இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. சிறு வீடுகளுக்கு மேசை மேசையாக அலையும் வேலை குறைகிறது. நல்லதுதான். கூடவே, கட்டும் முன் இன்னொரு கண் பார்ப்பதும் குறைகிறது. மேஸ்திரி போட்ட கணக்கு சரியா, அஸ்திவாரம் அந்த மண்ணுக்குப் போதுமா என்று கேட்க ஆள் இருக்கிறாரா என்பது இனி வீட்டுக்காரரின் அதிர்ஷ்டம். அதிகாரியின் கையெழுத்து விலகும் இடத்தில் துறையின் சொந்தக் கட்டுப்பாடு வந்து நிற்க வேண்டும். சட்டப்படியான கவுன்சில் இல்லாத நாட்டில், உள்ளூர்ச் சங்கத்தை விட்டால் அதைச் செய்ய வேறு ஆள் தெரியவில்லை.

நடைமுறையில் இதற்குப் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான எந்தச் சங்கமும் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஆகத் தேர்தல் எப்படியும் வரத்தான் போகிறது. முன்னாள் தலைவர்கள் கூடி ஒரு பெயரைச் சொல்வதையும் தடுக்க வேண்டாம். அதோடு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் வேறொருவரும் நிற்கலாம் என்று விதியில் ஒரு வரி இருந்தால் போதும். ஐஇஇஇ-இல் இந்த மனு வழி நெடுங்காலமாக உண்டு. அதன் தலைமை தன் அமைப்பைத் திருத்தி அதிகாரத்தை மேலும் மையத்தில் குவிக்கப் பார்க்கிறது என்ற எதிர்ப்புக்கு நடுவே 2016-இல் ஒரு திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைக்காமல் விழுந்தது. உறுப்பினர்கள் ஓட்டுப் போடவே வருவதில்லை என்ற குறை அந்தப் பெரிய சங்கத்துக்கும் உண்டு. ஆனால் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்க ஒரு வாசல் திறந்திருந்தது.

தோற்றுப்போனால் என்ன ஆகும் என்ற தயக்கம் மிச்சமிருக்கிறது. சிறிய ஊர், எல்லோரும் தெரிந்தவர்கள், தோற்றால் முகத்தில் எப்படி விழிப்பது? இர்வின் ஃபீர்ஸ்ட் என்ற அமெரிக்க மின்பொறியாளர், சாதாரணப் பொறியாளரின் வேலைப் பாதுகாப்பையும் சம்பளத்தையும் சங்கம் கண்டுகொள்வதில்லை என்று சொல்லி, மனு வழியே 1970-களில் பலமுறை ஐஇஇஇ தலைவர் பதவிக்கு நின்றார். ஒரு தடவைகூட வெல்லவில்லை. ஆனால் அவர் நின்ற ஒவ்வொரு முறையும் அதிகாரபூர்வ வேட்பாளர் அந்தக் கேள்விகளுக்கு முன்னால்தான் நிற்க வேண்டியிருந்தது. திண்டுக்கல்லில் ஒரு முப்பது வயதுப் பொறியாளர், படிக்கட்டுக்கடிப் பேனல் போர்டைப் பற்றி ஒரே ஒரு பக்கம் தமிழில் எழுதி எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பிவிட்டு, முன்மொழிய ஒருவரையும் வழிமொழிய ஒருவரையும் பிடித்து நின்று, கால்வாசி ஓட்டு வாங்கித் தோற்றால்கூட, ஜெயித்து வந்தவர் அடுத்த பொதுக்குழுவில் அந்த ஒரு பக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.